விசிறியில்லாத ஸ்விட்ச்

பிப்ரவரி 3

அன்புள்ள உங்களுக்கு,

நலம். நலமா என்று கேட்க வேண்டும்; கேட்டுவிட்டேன்.

போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் சண்டை வருகிறது, எழுதிக்கொள்ளலாமே என்றது நீங்கள்தான். பகல் முழுக்க யார் யாருடைய தகவலையோ கண் இமைப்பதற்குள் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலை பார்க்கும் இரண்டு பேர், உட்கார்ந்து தபால்தலை ஒட்டிக்கொண்டிருக்கிறோம். இருக்கட்டும்.

விஷயம் இதுதான். வீட்டுக்காரர் வந்திருந்தார். அவர் மகனுக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது. மார்ச் மாதக் கடைசிக்குள் இந்த வீடு அவர்களுக்கு வேண்டுமாம். சுற்றிப் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று ஒவ்வொரு கதவாகத் திறந்தவர், பின்னறைக் கதவைத் திறந்ததும் நின்றுவிட்டார்.

"என்னம்மா இது, இப்படிக் கத்துது?"

"நெட்வொர்க் லேப் சார். ரூட்டர், ஸ்விட்ச் எல்லாம்."

"ஸ்விட்சா? ஒரு ஸ்விட்சுக்கா இவ்வளவு பெரிய பெட்டி?"

"சுவத்துல இருக்கற ஸ்விட்ச் இல்ல சார். ஒரு ஆபீஸ்ல இருக்கற கம்ப்யூட்டர் வயரெல்லாம் வந்து சேர்ற பெட்டி."

"இங்கதான் ஆபீஸே இல்லையேம்மா."

இதற்குப் பதில் உங்களிடம் இருந்தால் எழுதுங்கள்.

இரண்டு ரூட்டர், நான்கு ஸ்விட்ச், ஒரு ஃபயர்வால். அந்த இரும்பு ரேக். ஒரு சாக்கு நிறைய வயர். எது வேண்டும், எது வேண்டாம்? போனில் நான்கு முறை கேட்டாயிற்று. நான்கு முறையும் "பார்க்கலாம்" என்றீர்கள். பார்ப்பதற்கு நீங்கள் இங்கே இல்லை. பார்த்துக்கொண்டிருப்பது நான். தூசி தட்டுவதும் நான். பின்னறையில் யாரோ ஓயாமல் பெருமூச்சு விட்டுக்கொண்டிருப்பது போன்ற, அந்தப் பெட்டிகளின் விசிறிச் சத்தத்தோடு சாப்பிடுவதும் நான்.

என் ஆபீசுக்குப் பக்கத்தில் இரண்டு வீடு பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்றில் ஒரே அறை. இன்னொன்றில் இரண்டு. எதை எடுக்கட்டும்?

ரேக்குக்காகத்தான் கேட்கிறேன்.

இப்படிக்கு,
பின்னறைக்குக் காவல் இருப்பவள்


பிப்ரவரி 12

வாலுவுக்கு,

கோபம் வந்தால்தான் உன்னிடமிருந்து எனக்கு மரியாதை கிடைக்கும். முதல் வரியிலேயே ‘உங்களுக்கு’. சரி, எவ்வளவு கோபம் என்று அளந்துகொண்டேன்.

இங்கே எல்லாம் அப்படியேதான். டேட்டா சென்டரில் குளிர். வெளியே வெயில் காயும்போது நான் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறேன். பஸ்ஸில் எல்லாரும் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். அறையில் கூட இருப்பவன் ஜன்னல் கம்பியில் காலுறை காயப்போடுகிறான். அவனிடம் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. உன்னிடம் யாரும் இப்படி அலுத்துக்கொள்ள முடியாது, நீ முந்திக்கொள்வாய்.

பெட்டிகளைப் பற்றி.

பெரிய ரூட்டர் இருக்கட்டும். அந்த மூடிப்போன கம்பெனியிலிருந்து நாம் இரண்டு பேரும் வாங்கி வந்தது. பஸ்ஸில் உன் மடியில் இது, என் மடியில் சின்னது. கண்டக்டர் அதற்கும் டிக்கெட் போட்டாரே. டிக்கெட் வாங்கி வந்த ஒன்றை எப்படித் தூக்கிப் போடுவது?

சின்ன ரூட்டர் அதற்கு ஜோடி. தனியாக விட முடியாது.

ஃபயர்வால் பழசுதான். ஆனால் கூட வைக்க ஆகும். மேல் இரண்டு ஸ்விட்சும் யாராவது நெட்வொர்க் பரீட்சைக்குப் படித்தால் ஆகும். "யாரு படிக்கப்போறாங்க" என்று நீ சொல்வது இங்கே கேட்கிறது. நான் படிக்கலாம். இங்கே வேலை முழுவதும் திரையில். நான் எந்தப் பெட்டியைப் பார்த்துக்கொள்கிறேனோ அது எந்த மாடியில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. வயரைக் கையால் பிடுங்கி, விளக்கு அணைவதைப் பார்த்து, மறுபடி மாட்டி, அது பச்சையாகும் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க எனக்கு ஓரிடம் வேண்டும்.

ஆகவே எல்லாம் இருக்கட்டும்.

ஒன்றைத் தவிர. கீழிருந்து இரண்டாவது. அதைத் தூக்கிப் போடு. யாருக்கும் கொடுக்காதே, விற்காதே. போடு.

ஒரு அறையா இரண்டா என்பது உன் சௌகரியம். வாடகை கொடுப்பது நீ.

அன்புடன்,
கரடி


பிப்ரவரி 20

அன்புள்ள உங்களுக்கு,

நான் கேட்டது எதை வைக்க, எதை விட என்று. எல்லாம் இருக்கட்டும் என்பது அதற்குப் பதில் இல்லை. பதில் சொல்லாமல் இருப்பதற்கு அது ஒரு வழி.

சனிக்கிழமை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். பெரிய ரூட்டர், இப்போது போன் கம்பெனிக்காரர்கள் சும்மா கொடுக்கிற டப்பாவைவிட மெதுவாக ஓடுகிறது. சின்னது பாதியில் தானே அணைந்து தானே எழுகிறது. ஃபயர்வாலை உருவாக்கியவர்களே அதைக் கைவிட்டுப் பல வருஷம் ஆகிறது. திறந்து கிடக்கிற வீட்டுக்கு அது காவலாளி வேஷம் போடுகிறது. மேல் ஸ்விட்ச் இரண்டிலும் வயர் மாட்டும் துளைகளில் பாதி செத்துவிட்டன. அடியில் இருப்பது எழவே இல்லை. இவற்றில் செய்து பழகியதையெல்லாம் இப்போது ஒரு லேப்டாப்புக்குள் செய்யலாம். ஆபீஸ் வேலைக்கு நான் அப்படித்தான் செய்கிறேன். லேப்டாப்பை மூடினால் லேபும் மூடிக்கொள்கிறது. சத்தம் கிடையாது.

மீதி ஒன்று. கீழிருந்து இரண்டாவது.

அதற்கு விசிறி இல்லை. போட்டிருக்கிறதா அணைத்திருக்கிறதா என்று விளக்கைப் பார்த்தால்தான் தெரிகிறது. எல்லாத் துளையும் வேலை செய்கிறது. மேலே கை வைத்தால் வெயிலில் காய்ந்த துணியின் சூடு, அவ்வளவுதான். ஒரு வீட்டில் ஒரு பழைய பெட்டியை வைத்துக்கொள்ள நியாயம் உண்டென்றால் அது இந்த ஒன்றுக்குத்தான்.

நீங்கள் தூக்கிப் போடச் சொன்னதும் இதைத்தான். வேறெதைச் சொல்வீர்கள்.

நடந்ததை ஒருமுறை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன். நாம் இருவரும் அதை இரண்டு விதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். வீட்டுக்காரருக்கு விளக்குவது போல எழுதுகிறேன், கோபம் கலக்காது.

பல் ஆஸ்பத்திரியின் நெட்வொர்க்கை அமைத்துக் கொடுத்தது நீங்கள். அங்கே ஒரு நாள் ஒரு ஸ்விட்ச் எரிந்துவிட்டது. அவசரத்துக்கு நம் லேபிலிருந்து இதை எடுத்துப் போய் மாட்டினீர்கள். இந்த ஸ்விட்ச்களுக்கு ஒரு குணம் உண்டு. ஒவ்வொன்றுக்குள்ளும், எந்தத் துறைக்கு எந்தப் பாதை என்று ஒரு பட்டியல். பட்டியலைத் திருத்தும்போதெல்லாம் அதன் எண்ணில் ஒன்று கூடும். ஒரே குழுப்பெயர் உள்ள பெட்டிகள் ஒன்றுசேர்ந்தால், எதன் எண் பெரியதோ அது சொல்வதுதான் சட்டம். மற்றவை தம் பட்டியலை அழித்துவிட்டு அதை எழுதிக்கொள்ளும். யார் பக்கம் சரி என்று அவை பார்ப்பதில்லை. யார் அதிகம் திருத்தினார்கள் என்று மட்டும் பார்க்கும்.

நம் பெட்டியில் நான் பரீட்சைக்காக மாதக்கணக்கில் எழுதி எழுதி அழித்திருந்தேன். எண் எங்கேயோ ஏறியிருந்தது. மாட்டியதும் ஆஸ்பத்திரி மொத்தமும் என் பட்டியலை எழுதிக்கொண்டது. அவர்களுடையது போயிற்று.

ஒரே குழுப்பெயர் இருந்தால்தானே இது நடக்கும் என்று அன்றைக்கே கேட்டேன். அங்கே பெயரே வைக்கவில்லை, வெறுமையாக விட்டிருந்தேன் என்றீர்கள். பெயரில்லாத பெட்டி முதலில் காதில் விழும் பெயரைத் தன் பெயராக எடுத்துக்கொள்ளும், அதுவும் சரி. இவ்வளவு பெரிய இடத்தை வெறுமையாக எப்படி விட்டீர்கள் என்று நான் கேட்கவில்லை. ஏற்கெனவே தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள்.

"நீ அழிச்சு வெச்சிருந்தா இது நடந்திருக்குமா?" இது நீங்கள்.

"மாட்டறதுக்கு முன்னாடி பாக்கத் தெரியாதா?" இது நான்.

இந்த இரண்டு வாக்கியங்களை வைத்துக்கொண்டுதான் இத்தனை காலம் குடும்பம் நடத்துகிறோம்.

ஒரு அறையா, இரண்டா? இரண்டாவது முறை கேட்கிறேன்.

இப்படிக்கு,
நான்

பின்குறிப்பு: வாலு என்று எழுதாதீர்கள். உறையைத் தபால்காரர் தவிர யாரும் பார்ப்பதில்லைதான். ஆனாலும்.


மார்ச் 1

வாலு என்று எழுதக் கூடாதவளுக்கு,

வீட்டுக்காரருக்கு விளக்கியது நன்றாக இருந்தது. அதில் ஆள் யாருமே இல்லை. பெட்டி, பெட்டி, எண். அங்கே நின்றது நான். அதை நான் சொல்கிறேன்.

இருபது நாற்காலி. இருபதிலும் ஆள் சாய்ந்து வாயைத் திறந்து வைத்திருக்கிறார்கள். யாருக்கும் எக்ஸ்ரே படம் திரையில் வரவில்லை. டாக்டர்கள் வரிசையாக, "வாயை மூடிடாதீங்க, இதோ வந்துடும்." வராது. எனக்குத்தான் தெரியும் வராது என்று. என் பின்னால் நிர்வாகி அம்மா வந்து நின்றார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு என் திரையில் இருந்ததை ஒவ்வொன்றாக உரக்கப் படித்தார்.

"எக்ஸ்ரே எங்க தம்பி? இது என்ன... அடுப்படி. குளியலறை. மொட்டை மாடி." கொஞ்சம் நிறுத்தினார். "நாத்தனார்."

நான் வயரைச் சரிபார்ப்பது போலக் குனிந்துகொண்டேன்.

"நாத்தனார்னா யாரு? நம்ம ஆஸ்பத்திரில அப்படி ஒரு டிபார்ட்மென்ட் இருக்கா?"

பக்கத்து நாற்காலியில், வாயில் பஞ்சோடு இருந்த ஒரு பெரியவர் சிரித்துவிட்டார். பஞ்சு வெளியே வந்து விழுந்தது. டாக்டர் என்னைத் திட்டினார்.

பரீட்சைக்குப் படிக்கிறவர்கள் துறைகளுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று பெயர் வைப்பார்கள். நீ என் அக்கா பெயரில் ஒரு துறை வைத்து, அதிலிருந்து வேறு எதற்கும் போக வழியில்லாமல் அடைத்தும் வைத்திருந்தாய். கதை அக்கா காது வரைக்கும் போயிற்று. இன்னும் போன் செய்யும்போதெல்லாம், "என்னை எப்படா தொறந்து விடப்போறா உன் பொண்டாட்டி?" என்கிறாள்.

நீ சிரிக்கிறாய் என்று தெரியும். சிரி.

அன்றோடு அந்த வேலை போயிற்று. அவர்கள் சொல்லி அடுத்த இரண்டு இடமும் போயிற்று. அடுத்த வாரம் உன் பரீட்சை முடிவு வந்தது. நீ பாஸ். அதே பெட்டியில் நீ பாஸ், நான் ஃபெயில். நீ பாங்கின் நெட்வொர்க் வேலைக்குப் போனாய். நான் இங்கே வந்து ஸ்வெட்டர் போட்டுக்கொண்டேன்.

நியாயம், விசிறி, சூடு இதெல்லாம் எனக்கு வேண்டாம். அது இருக்கிற வீட்டுக்கு நான் வரமாட்டேன். இதைவிடத் தெளிவாக எழுத எனக்குத் தெரியவில்லை.

ஒரு அறை உனக்குப் போதும் என்றால் ஒரு அறை எடு.

கரடி


மார்ச் 8

அன்புள்ள உங்களுக்கு,

ஒரு அறை வீடு. முன்பணம் கொடுத்துவிட்டேன். 29ஆம் தேதி குடிபோகிறேன்.

பெட்டிகளைப் படம் எடுத்து விற்பனைக்குப் போட்டிருக்கிறேன். எல்லாவற்றையும். அதையும்.

போடு என்றீர்கள், விற்கிறேன். இந்த அளவுக்குக்கூட உங்கள் பேச்சை மீறாவிட்டால் எனக்கே என்னை அடையாளம் தெரியாது.

மூன்று கடிதம் எழுதினீர்கள்... இல்லை, இரண்டு. எனக்கு மூன்று போலத் தோன்றுகிறது. ஒன்றில்கூட ‘நான் வருகிறேன்’ என்றும் இல்லை, ‘வரமாட்டேன்’ என்று நேராகவும் இல்லை. ஒரு பெட்டியின் தலையில் அதையும் ஏற்றி வைத்துவிட்டீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஒருவர் வாங்க வருகிறார்.

இப்படிக்கு,
ஒரு அறைக்காரி


மார்ச் 15

உங்களுக்கு,

உங்கள் பதில் வரவில்லை. வருவதற்குள் எழுத வேண்டியிருக்கிறது.

வாங்க வந்தது ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் நேராகப் பின்னறைக்குப் போய், ரேக் முன்னால் குந்தி உட்கார்ந்து, "அம்மாடி, இதெல்லாம் இன்னும் உயிரோட இருக்கா" என்றாள். எனக்கு உடனே பிடித்துவிட்டது.

"எங்க இடத்துல இந்த மாடல்தாங்க ஓடுது. புதுசு வாங்கித் தரமாட்டேங்கறாங்க. ஒண்ணு போச்சுன்னா மாத்தறதுக்கு ஒண்ணு கையில வேணும்."

"எந்த இடம்?"

"பல் ஆஸ்பத்திரி."

நான் எழுந்து போய்த் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்தேன். கொடுப்பதற்காக எடுத்ததை நானே குடித்தேன்.

"அங்க ஒரு கதை சொல்லுவாங்க" என்றாள், பையிலிருந்து நீல வயரை எடுத்துக்கொண்டே. "எனக்கு முன்னாடி ஒருத்தர் இருந்தாராம். ஒரு நாள் எக்ஸ்ரே ரூம் நாத்தனாரா மாறிடுச்சாம். இப்பக்கூட நெட் போச்சுன்னா டாக்டருங்க, ‘என்ன, நாத்தனார் வந்துட்டாங்களா’ன்னுதான் கேக்கறாங்க."

சிரித்தேன். வேறு என்ன செய்ய. அவள் விசிறியில்லாத ஸ்விட்சில் வயரை மாட்டி, லேப்டாப்பில் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு திரையை என் பக்கம் திருப்பினாள்.

"என்னங்க இது? இந்தப் பேரை நீங்களா வெச்சீங்க?"

குழுப்பெயர். ஆங்கிலத்தில், எல்லாம் சின்ன எழுத்து. நம் லேபுக்கு நீங்கள் வைத்தது.

"எங்க ஆஸ்பத்திரியிலயும் இதே பேருதாங்க. வாலு. என்ன அர்த்தம்னு யாருக்கும் தெரியல. ஏதோ மருந்துக் கம்பெனி பேருன்னு நெனச்சோம்."

இருக்கும், அன்றைக்குப் பெயரில்லாத உங்கள் பெட்டிகளில் இதிலிருந்து ஒட்டிக்கொண்டது என்று நினைத்தேன். அப்படித்தான் நினைக்க வேண்டும். ஆனாலும் கேட்டேன்.

"எப்பத்திலேருந்து இந்தப் பேரு?"

"ஆரம்பத்துலேருந்தேதாங்க. ஒவ்வொரு பெட்டி மேலயும் லேபிள் அடிச்சு ஒட்டியிருக்காரு அந்த மனுஷன். வெச்ச மாசம், குழுப்பேரு எல்லாம். எரிஞ்சுபோன ஒண்ணு ஸ்டோர்ல கிடக்கு, அது தலையிலயும் ஒட்டியிருக்கு." போனில் படம் காட்டினாள்.

எரிந்துபோன பெட்டி. நம் ஸ்விட்ச் அந்த வாசலை மிதிப்பதற்கு முன்பே கழற்றி வைத்தது. அதன் மேல் உன் லேபிள். ஓரம் கருகியிருக்கிறது. வாலு. நம் கல்யாணத்துக்கு முந்தைய மாதம்.

நீ வெறுமையாக விடவில்லை.

ஒரு ஆஸ்பத்திரி. இருபது நாற்காலி. அதற்கு என் பெயரை வைத்திருக்கிறாய். உலகத்தில் எல்லாரும் அந்தந்த இடத்தின் பெயரைத்தான் வைப்பார்கள். பிறகு வீட்டுக்கு வந்து லேபுக்கும் அதே பெயர். பெயர் ஒன்றாக இருந்ததால்தான் அவை இதை நம்பின. வேறு எந்தப் பெயராக இருந்திருந்தாலும் என் எண் எவ்வளவு பெரியதாக இருந்தும் ஒரு மண்ணும் நடந்திருக்காது. நாத்தனார் நம் பின்னறையிலேயே இருந்திருப்பாள்.

இது அன்றைக்கே உனக்குத் தெரிந்திருக்கும். வேலை தெரியாதவன், வெறுமையாக விட்டுவிட்டான் என்று நான் நினைப்பது உனக்குப் பரவாயில்லை. இதை நான் தெரிந்துகொள்வதுதான் ஆகாது. எனக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை. இத்தனை நாள் ஒரு மனுஷி, தான் அழித்து வைக்காததால்தான் எல்லாம் போயிற்று என்று பெட்டிக்குப் பக்கத்திலேயே சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

‘நீங்கள்’ எங்கே போயிற்று என்று தேடாதே. நடுவில் எங்கேயோ விட்டுவிட்டேன். கோபம் போனதால் இல்லை. மரியாதை தாங்காத அளவுக்குக் கோபம்.

அவளுக்கு மேல் ஸ்விட்ச் இரண்டையும் உதிரிக்காகக் கொடுத்தேன். "நல்லா ஓடறதே இந்த ஒண்ணுதானேங்க, இதைக் கொடுங்க" என்றாள். கொடுக்கவில்லை. ஏன் என்று அவளும் கேட்டாள்.

நான் கேட்பது ஒன்றுதான், ஒரு வரியில் எழுது. ஏன் சொல்லவில்லை?


மார்ச் 21

உனக்கு,

ஒரு வரியில் வராது. முயன்றேன், நான்கு தாள் போயிற்று. காலுறைக்காரன் கிழித்த தாளையெல்லாம் பொறுக்கிக்கொண்டு, "வீட்டுக்கா?" என்றான். ஆமாம் என்றேன். அவன் முதல் முறையாகக் காலுறையை ஜன்னலிலிருந்து எடுத்தான்.

அன்றைக்கு நாத்தனாரை விளக்கி முடித்ததும் அந்த நிர்வாகி அம்மா அடுத்த வரிக்கு வந்தார். "வாலுன்னா?" அது கம்பெனிப் பேரு மேடம் என்றேன். எந்தப் புருஷன் அந்த இடத்தில், வாயைத் திறந்து வைத்திருக்கிற இருபது பேர் முன்னால் வேறு மாதிரி சொல்வான்? நீயே சொல்.

உன்னிடம் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நீ சிரித்திருப்பாய். அன்றைக்கு நீ சிரித்திருந்தால் நான் உடைந்திருப்பேன். சில மாதம் கழித்து, இப்போது சொன்னால் சிரிப்பாளே, சொல்லிவிடலாம் என்று நினைத்தபோது, நீ சிரிக்கிற ஆளாக இல்லை.

அவ்வளவுதான். இதற்கு மேல் தோண்டினால் அடியில் ஒன்றும் இல்லை.

போடு என்றும் வை என்றும் இனி நான் சொல்லப்போவதில்லை. நீ ஒரு அறை எடுத்துவிட்டாய். தெளிவாகத்தான் கேட்டாய், இரண்டு முறை. ரேக்குக்காக என்று எழுதியிருந்தாய். நான் ஒரு முட்டாள், ரேக்குக்குத்தான் பதில் எழுதிக்கொண்டிருந்தேன்.

29 எனக்கு லீவு கிடைக்கும். சாமான் ஏற்ற ஆள் வேண்டுமா? ஆள் மட்டும்தான். ஏற்றி, இறக்கி, வண்டி பிடித்துத் திரும்பிவிடுவேன்.

வரட்டுமா வேண்டாமா. ஒரு வார்த்தை.

கரடி


மார்ச் 25

கரடிக்கு,

ஒரு வார்த்தையில் முடியாது. எனக்கும் தாள் வீணாகிறது.

ரூட்டர் இரண்டும், ஃபயர்வாலும், அடி ஸ்விட்சும் பழைய இரும்புக்காரரிடம் போய்விட்டன. டிக்கெட் வாங்கி வந்ததும்தான். அவர் தராசில் வைக்கும்போது நான் வேறு பக்கம் பார்த்தேன். இதை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, சொல்கிறேன். ரேக்கை வீட்டுக்காரர் கேட்டு வாங்கிக்கொண்டார். அவர் மருமகளிடம் நிறையச் செருப்பு இருக்கிறதாம். அளவெடுத்துப் பார்த்து, "இதுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும்மா" என்றார். ஆமாம் சார் என்றேன்.

எல்லாவற்றையும் அணைத்த அன்றைக்குக் குளியலறைக் குழாய் சொட்டுவது கேட்டது. எவ்வளவு நாளாகச் சொட்டுகிறதோ.

விசிறியில்லாதது என்னிடம் இருக்கிறது. அழித்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். நீ கேட்டபடி, காலம் கடந்து, சுத்தமாக. பட்டியலைப் பார்த்தேன். அடுப்படி, குளியலறை, மொட்டை மாடி. எல்லாம் நன்றாகத்தான் எழுதியிருக்கிறேன். அழிக்க மனம் வரவில்லை. ஆனால் அந்த எண்ணோடு அதை எந்த வீட்டிலும் மாட்ட எனக்குப் பயம்.

அப்புறம் ஞாபகம் வந்தது. பரீட்சையிலேயே கேட்டார்கள், எழுதி மார்க் வாங்கினேன். பட்டியலை அழிக்க வேண்டாம். குழுப்பெயரை வேறு ஏதாவதாக மாற்றி, திரும்பப் பழைய பெயரையே வைத்தால் போதும். எண் பூஜ்யத்துக்குப் போய்விடும். பட்டியல் அப்படியே இருக்கும்.

அப்படிச் செய்தேன். வேறு பெயர் என்ன வைப்பது என்று யோசித்தேன். சட்டென்று ஒன்றும் தோன்றவில்லை. கரடி என்று அடித்தேன். கொஞ்ச நேரம் அப்படியே விட்டு வைத்தேன். பிறகு பழையதை வைத்தேன். பார்த்தால், பூஜ்யம். இவ்வளவு எளிதாக இருந்ததில் எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை.

நாத்தனாரைத் திறந்து விட்டுவிட்டேன் என்று உன் அக்காவிடம் சொல். எல்லாத் துறைக்கும் போகலாம். அடுப்படி தவிர.

புது வீட்டைப் பற்றி. ஒரே அறை. ஜன்னல் ஒன்று, காலுறை காயப்போட இடமில்லை, பழகியிருந்தால் விட்டுவிட்டு வா. அலமாரிக்கு மேல் ஒரு சாண் இடம் இருக்கிறது. ஸ்விட்சை அங்கே வைக்கப்போகிறேன். வீட்டு வயரெல்லாம் அதில்தான் வந்து சேரும். அது இருக்கிற வீட்டுக்கு வரமாட்டேன் என்று எழுதியிருந்தாய். அந்தக் கடிதத்தை நான் கிழிக்கவில்லை. திருத்தி எழுதுவது உன் பாடு.

29 காலையில் வா. ஏற்றி இறக்கிய பிறகு வண்டி பிடிக்கிற பேச்சு வேண்டாம். அங்கே குழாய் சொட்டுகிறதா என்று யாராவது பார்க்க வேண்டும், வீட்டில் வேறு ஆள் இல்லை. சத்தம் போடாததற்கு மட்டும்தான் அந்த அறையில் இடம். யோசித்துக்கொண்டு வா.

இப்படிக்கு,
வாலு
(எல்லாம் சின்ன எழுத்து)